ஈரக்கையில் திறந்த கத்தி

கத்தி கிடைத்துவிட்டது, தம்பி! இந்த ஒரு வரியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இதோடு சேர்த்து நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரத்தில் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் "சாப்டியா, கோயமுத்தூர்ல மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் உன் காலேஜ் நோட்டில் மிச்சமிருந்த வெள்ளைத் தாள்களைக் கிழித்துக்கொண்டு, காலையிலேயே திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சட்டைப் பையில் கத்தி இருக்கிறது. இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு மெலிசு. மூடியிருந்தால் என் நடுவிரல் நீளம், பென்சிலைவிடக் கொஞ்சம் பருமன். ஈட்டிமரப் பிடி, இரண்டு பக்கமும் பித்தளை ஆணி. அலகின் மேலே நகம் வைக்க ஒரு சின்னப் பள்ளம். அதில் நகத்தை வைத்து இழுத்தால், யாரோ உள்ளேயிருந்து தள்ளிவிட்டதுபோல வருகிறது. இதை எழுதத் தொடங்கியதிலிருந்து நாலு தடவை திறந்து மூடிவிட்டேன். அறுபத்தொரு வயதில் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்று உன் அம்மா சிரிக்கிறாள்.

ஆனால் இது நீ கேட்ட கத்தி இல்லை. நீ கேட்டது என் இடுப்பில் இருந்த அந்தப் பழைய கத்தியை. போன மாதம் நீ பேசியது அப்படியே காதில் இருக்கிறது. "அப்பா, எனக்கு மோதிரம், செயின் ஒண்ணும் வேணாம். அன்னைக்கு அம்மாவைக் காப்பாத்துன கத்தியைக் குடுங்க, போதும். ரிசப்ஷன்ல மைக்கைப் பிடிச்சு அந்தக் கதையை எல்லாருக்கும் சொல்லிட்டு உங்க கையால வாங்கிக்கிறேன்" என்றாய். நான் "சரிடா" என்றேன். வேறென்ன சொல்ல? ஆறாம் வகுப்பில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதச் சொன்னபோதும் நீ அதைத்தான் எழுதினாய். வாத்தியார் என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. நீ அந்த மைக்கைப் பிடிப்பதற்குள் உண்மை உனக்குத் தெரிந்தாக வேண்டும். அன்றைக்கு உன் அம்மாவைக் காப்பாற்றியது நான் இல்லை.

உனக்கு அப்போது ஐந்து வயது. கூடலூரில் என் சித்தப்பா மகன் வீட்டுப் பால்காய்ப்புக்குப் போய்விட்டு, சாயங்காலம் நாலு மணிவாக்கில் நாம் மூன்று பேரும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ முன்னால் டேங்க் மேல். அம்மா பின்னால். வெயிலும் தூசியுமாக இருந்ததால் அவள் முந்தானையைத் தலையோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். பைக் வாங்கியபோது பின்சக்கரத்தில் சேலை மாட்டாமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு கொடுத்தார்கள். அது இருந்தால் வண்டி கிழவன் வண்டி மாதிரி தெரிகிறது என்று மெக்கானிக்கிடம் சொல்லிக் கழற்றிப் போட்டவன் நான்தான். கம்பம்மெட்டு ரோடு பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அம்மாவின் முந்தானை நுனி சக்கரத்துக்குள் போய்விட்டது. "ஏங்க" என்று ஒரே ஒரு சத்தம். அடுத்த நொடி வண்டி சாய்ந்து மூன்று பேரும் கீழே கிடந்தோம். உனக்கு முட்டியில் சிராய்ப்பு. எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் கழுத்தைச் சேலை சக்கரத்தோடு இழுத்துப் பிடித்திருந்தது. நைலக்ஸ் சேலை, கிழியாது. சக்கரத்தைப் பின்னால் சுற்றப் பார்த்தேன், அசையவில்லை. அவள் முகம் கருத்துக்கொண்டு வந்தது.

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தேன். அதை நீ பார்த்திருக்கிறாய், கையில் எடுத்தால் சுத்தியல் மாதிரி கனக்கும். வாங்கும்போது கடைக்காரர் மெலிசாக ஒன்றும் காட்டினார். "இது பொம்பளைக பழம் நறுக்குறது" என்று தள்ளிவிட்டு, மாட்டுக்கொம்புப் பிடி போட்ட இந்தத் தடியனை எடுத்தேன். வேட்டி மடிப்பில் புடைத்துக்கொண்டு தெரிந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற நினைப்பு. ஒருநாளும் எண்ணெய் விட்டதில்லை. திறக்கவே இரண்டு கையும் பல்லைக் கடித்த பலமும் வேண்டும். அன்றைக்குக் கையெல்லாம் வியர்வை, விரல் வழுக்கியது. கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்ததால் இன்னும் வழுக்கியது. வாயில் வைத்துப் பல்லால் இழுத்தேன். என் முன்பல் பாதி உடைந்து விழுந்தது. பைக்கிலிருந்து விழுந்து உடைந்தது என்றுதான் உன்னிடம் இத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். கத்தி திறக்கவில்லை.

அந்த நேரத்தில் மலையிலிருந்து ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஏழெட்டுப் பெண்கள் குதித்தார்கள். ஒருத்தி உன்னைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றாள். இன்னொருத்தி, இருபத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான பெண், ஓடிவந்து என்னைத் தோளில் பிடித்துத் தள்ளினாள். "அண்ணே, தள்ளுங்க! தள்ளுங்கங்கறேன்ல!" இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பென்சில் மாதிரி ஒரு கத்தியை எடுத்தாள். எடுத்ததும் தெரியவில்லை, திறந்ததும் தெரியவில்லை. அம்மாவின் கழுத்துக்கும் சேலைக்கும் நடுவில் இரண்டு விரலைச் செருகி, கூர் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி அலகை விரல்மேல் படுக்கவைத்து, ஒரே இழுப்பு. அம்மா கொர்ரென்று மூச்சு வாங்கினாள். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. அந்தப் பெண் அவளை மடியில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தாள். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார், எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். பேர்கூட நான் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு என் கையிலிருந்த கத்தி திறந்துகொண்டது. ஆமாம் தம்பி, எல்லாம் முடிந்த பிறகு. என்னையறியாமலே அதைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன் போல, படக்கென்று வந்துவிட்டது. அப்போதுதான் பக்கத்துத் தோப்பிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அறுந்த சேலை, சோர்ந்து கிடக்கும் அம்மா, ரத்தக்கையில் திறந்த கத்தியோடு நான். ஒருவர் சொன்னார்: "நல்லவேளைய்யா, கையில கத்தி இருந்துச்சு. அறுத்து விட்டீக." நான் "ஆமா" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஒரே ஒரு 'ஆமா'. மிச்சத்தை ஊர் சொன்னது, சொந்தக்காரர்கள் சொன்னார்கள், அப்புறம் நீ சொன்னாய். நான் சும்மா இருந்தேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் அரிக்கிறது. ஏழெட்டு வயதில் ஒருநாள் நீ வந்து, "அப்பா, அன்னைக்கு விழுந்தப்ப ஏலக்காய் வாசம் அடிச்சுச்சு, எதனால?" என்று கேட்டாய். உன்னைத் தூக்கி வைத்திருந்த பெண்ணின் சேலையிலிருந்து வந்த வாசம் அது. "ரோட்டுல எங்கிட்டு ஏலக்காய் வாசம்? பயத்துல உனக்கு அப்படித் தோணிருக்கும்" என்றேன். உனக்குச் சரியாக ஞாபகம் இருந்ததை நான் தப்பு என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு நீ தலையை ஆட்டிக்கொண்டு போனது கண்ணிலேயே நிற்கிறது.

நீ கேட்டதும் அந்தக் கத்தியை முதலில் சரிபண்ணிக் கொடுத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். மண்ணெண்ணெயில் ஒருநாள் முழுக்க ஊறப்போட்டேன். இரும்புக் கதவு மாதிரி கிறீச்சிட்டுத் திறந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதையா என் பிள்ளை தன் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகும்போது நம்பிப் பையில் வைத்திருக்கப் போகிறான் என்று நினைத்தேன். மறுநாளே கிளம்பிவிட்டேன், அந்தப் பெண் வைத்திருந்த மாதிரி ஒன்று வாங்க.

கம்பத்தில் மூன்று கடை, தேனியில் ஐந்து கடை. ஒன்றில் பொத்தானை அமுக்கினால் டப்பென்று பாய்கிற கத்தி. அதைப் பார்த்தாலே போலீஸ்காரர் கூப்பிடுவார். ஒன்றில் கத்தியோடு கத்தரி, ரம்பம், பாட்டில் திறப்பான், பல்குத்தும் குச்சி எல்லாம் சேர்ந்து செங்கல் தடிமன். இன்னொன்று மெலிசாகத்தான் இருந்தது, ஆனால் திறந்தால் அலகு காது மடல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது. தேனியில் ஒரு கடைப் பையன் என் வெள்ளைத் தலையைப் பார்த்துவிட்டு, "பெருசு, யார்கூடப் பகை?" என்று கேட்டான். "பகை இல்லப்பா, மகனுக்குக் கல்யாணம்" என்றேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது. கத்தியைத் தேடுவதற்குப் பதில் அந்தப் பெண்ணைத் தேடினால் என்ன? இருபத்திரண்டு வருஷம் தோன்றாத யோசனை! மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் கம்பத்தில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டேன். தூக்குவாளியோடு நின்ற பெண்களிடம் கதையைச் சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவர்களில் வயதான அம்மா ஒருத்தி, "அட, சேலை மாட்டுன கதையா? நானும் அந்த ஜீப்புலதானய்யா வந்தேன்! அது நம்ம முருகேஸ்வரில. இப்ப மலைக்கு வர்றதில்ல. மார்க்கெட்டுப் பக்கம் கயித்துக்கடை வச்சிருக்காக, அங்கன போயிக் கேளுங்க" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் நன்றிகூடச் சொல்லாமல் நடந்துவிட்டேன். திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனேன்.

சாக்கு, தார்ப்பாய், சணல், நைலான் கயிறு என்று கூரைவரை அடுக்கிய கடை. உள்ளே ஒரு பெண், தலையில் பாதி நரை, ஒரு காலால் கயிற்றை மிதித்து அளந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஏண்ணே, அந்தப் பல்லை இன்னும் கட்டாமயா திரியிறீக?"

ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். "தாயி, என்னைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியாம? மதினி மாசாமாசம் வர்றாகள்ல. போன வாரம்தான பத்திரிகை வச்சுட்டுப் போனாக. மாப்பிள்ளைப் பையன் போட்டோவெல்லாம் காட்டுனாக."

மதினி என்று அவள் சொன்னது உன் அம்மாவை! திராட்சைக் கொடி கட்டுகிற சணலை உன் அம்மா எங்கே வாங்குகிறாள் என்று நான் ஒருநாளாவது கேட்டிருப்பேனா? ஏழு வருஷமாக இந்தக் கடையில்தான் வாங்குகிறாளாம். முதல்நாள் முருகேஸ்வரி யாரையோ "தள்ளுங்கங்கறேன்ல" என்று அதட்டியிருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்டதும் அம்மா அப்படியே நின்று, கழுத்தைத் தடவிக்கொண்டு, "நீயாடி ஆத்தா?" என்று கேட்டு அழுதுவிட்டாளாம். அதிலிருந்து இரண்டு பேரும் சொந்தம் மாதிரி. நம் வீட்டுத் திராட்சையில் முதல் கூடை எங்கே போகிறது என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே கல்லாப்பெட்டிக்குக் கீழேயிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கவிழ்த்தாள். சாக்குமேல் ஏழு கத்தி! கயிறு கொண்டுவருகிற லாரிக்காரர் மூலமாக வருமாம், தோட்டத்துப் பெண்கள் வாங்கிப் போவார்களாம். தேனிவரை நான் அலைந்து தேடியது நம் வீட்டுச் சணல் கடையில் இருந்திருக்கிறது, தம்பி! ஏழையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். மூடியிருக்கும்போது அலகு இரண்டு பக்கமும் உரசாமல் நட்டநடுவில் இருக்க வேண்டும். திறந்து நுனியைப் பிடித்து ஆட்டினால் அசையக் கூடாது. பாதி திறந்ததும் ஒருமுறை நின்று, அப்புறம் முழுசாகப் போக வேண்டும். மூடும்போதும் அதே இடத்தில் நிற்கும், இல்லையென்றால் விரலில் விழும். பிடியின் முதுகில் இருக்கிற பட்டை ஸ்பிரிங் பலமாக இருக்கலாம், முரண்டு பிடிக்கக் கூடாது. இப்படிப் பார்த்து நாலைத் தள்ளிவிட்டோம். மூன்று மிஞ்சியது. எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தது. பதறாத கை, காய்ந்த கை என்பதால் மூன்றும் சுகமாகத் திறந்தது.

அப்போது அவள் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து, சொல்லாமல் கொள்ளாமல் என் இரண்டு கையிலும் ஊற்றினாள்.

"என்ன தாயி?"

"சும்மா இருக்கயில எந்தக் கத்தியும் திறக்கும்ணே. இப்ப மதினி கீழ கிடக்குறாக. மூச்சு முட்டுது. ம், திறங்க! வெரசா!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. கடை, கயிறு எல்லாம் மறைந்து அந்த ரோடும் அந்த முகமும் வந்துவிட்டன. முதல் கத்தி வழுக்கிக் கீழே விழுந்தது. இரண்டாவதில் நகம் பிடித்தது, பாதியில் விட்டுவிட்டது. "விடாதீகண்ணே, அடுத்தது!" என்றாள். மூன்றாவதை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் மறைத்துப் பள்ளம்கூடத் தெரியவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது, அலகு வந்துவிட்டது! ஒரு சத்தமில்லை, ஒரு திணறல் இல்லை. ஈரக்கையில், நடுங்குகிற கையில், பார்க்காமலேயே திறந்துவிட்டேன், தம்பி! கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி "திறந்துருச்சு!" என்று கத்திவிட்டேன். முருகேஸ்வரி கைதட்டினாள். அப்புறம் அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் கேட்டேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "ஏழு வருசமாத் தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"எனக்கு அன்னைக்கே தெரியுமே. தள்ளிவிட்டு அறுத்தது ஒரு பொம்பளைக் கைன்னு தெரியாதா? வளையல் என் கன்னத்துல பட்டுச்சு" என்றாள், தலையைத் தூக்காமல்.

"அப்பக் கேட்டிருக்கலாம்ல?"

"யாராச்சும் அந்தக் கதையை எடுத்தா உங்க மொகம் சுருங்கிப்போகும். பல்லு போனதும் எதனாலன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல என்னத்தக் கேக்க?" உரித்த மொச்சையை ஒதுக்கி வைத்தாள். அப்புறம் நிமிர்ந்து, "ஆனா பிள்ளை மைக்குல சொல்லப் போறேங்கறான். முருகேசு முன்வரிசைல உக்காந்திருப்பா. அவ கேக்க அதைச் சொல்ல விடக் கூடாதுங்க. நீங்களே எழுதிருங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். இப்போது கத்தியைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மாதம் ஒருமுறை மூட்டில் ஒரே ஒரு சொட்டு நல்ல மெஷின் எண்ணெய் விடு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். இதில் பூட்டு கிடையாது, அதனால் குத்துகிற வேலைக்கு எடுக்காதே, இழுத்து அறுக்கத்தான் இது. கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் விமானத்தில் போவதாகச் சொன்னாய். அப்போது கைப்பையில் வைக்காதே, பெட்டியில் போட்டு அனுப்பு, இல்லையென்றால் பிடுங்கிக்கொள்வார்கள். உன் புது பைக்கைப் படத்தில் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. சக்கரத்துத் தடுப்பைக் காணோம். இன்றைக்கே போய் மாட்டு. கத்தி வெளியே வரவே அவசியமில்லாமல் போவதுதான் நல்லது. கல்யாணமாகி வாழும்போதும், உன் பெண்டாட்டி ஒன்று சொல்ல வந்தால் நீ அவசரத்தில் "உனக்கு அப்படித் தோணிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அவளுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியும். நான் உன்னிடம் அதைத்தான் செய்தேன், அந்தப் பழக்கம் உன் அப்பாவோடு முடியட்டும்.

கத்தியைக் கையில் வாங்கினால் உறவு அறுந்துவிடும் என்று உன் பெரியப்பா போனில் குதிக்கிறார். உறவைச் சேர்த்துவைத்த கத்தி இது என்று அம்மா பதில் சொல்லிவிட்டாள். மேடையில் அதை என் கையால் கொடுக்க மாட்டேன். முருகேஸ்வரிதான் கொடுப்பாள். வரமாட்டேன் என்று வெட்கப்பட்டாள், பிறகு நல்ல சேலை எடுக்க வேண்டும் என்றாள். உனக்கு முன்னால் மைக்கை நான் வாங்கிக்கொள்கிறேன். இதுவரை மேடையேறிப் பேசியதில்லை, ஆனால் பயமாக இல்லை, எப்போது அந்த நாள் வரும் என்று இருக்கிறது! நேற்று அம்மா முன்னால் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். முதல் தடவை அழுதாள். இரண்டாம் தடவை, கத்தியைப் பற்றி ரொம்ப நீளமாகப் போகிறது, பந்தி ஆறிப்போகும் என்றாள்.

நீ இந்தக் கதையை உனக்குப் பேசியிருக்கிற பெண்ணிடம் கட்டாயம் சொல்லியிருப்பாய். பெண் பார்க்கப் போன அன்றைக்கே மாடியில் நின்று நீ கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னதையும், அவள் இறங்கிவந்து என்னை ஒரு மரியாதையோடு பார்த்ததையும் நான் கவனித்தேன். அந்தப் பார்வையை வாங்கி வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு இறங்கவில்லை. அதனால் கல்யாணம்வரை காத்திருக்காதே. படித்து முடித்ததும் என்னைக் கூப்பிட வேண்டாம், முதலில் அவளைக் கூப்பிடு. கத்தி திறக்காமல் தவித்துப்போன ஒருவர்தான் அவளுக்கு மாமனாராக வரப்போகிறார் என்று சொல். அப்புறமும் அவள் சரி என்றால், வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வா. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

அப்பா